ஜன்னலைத் திறந்த விமானி

கேள்வி: விமான விபத்துப் படங்களின் இரண்டாம் பாகம் என்றாலே விமர்சகர்கள் ஏன் கிழிகிழியென்று கிழிக்கிறார்கள்? (குன்னம்)

பதில்: முதல் பாகத்தில் பயணிகள் இருந்தார்கள், அடுத்ததில் இருக்கைகள்தான் நிரம்பியிருந்தன. 1970இல் வந்த 'ஏர்போர்ட்' 10 ஆஸ்கர் பரிந்துரைகள் பெற்றது. டிக்கெட் வாங்காமல் ஏறிவிடும் பாட்டியாக நடித்த ஹெலன் ஹேய்ஸ் விருதே வாங்கினார். 'ஏர்போர்ட் 1975'இல் விமானிகள் வீழ, பணிப்பெண் ஜம்போ ஜெட்டை ஓட்டுவார். ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் ஆள் இறக்குவார்கள். சாகசம் ஏறியது, பாட்டி இறங்கிவிட்டார்.

கேள்வி: திட்டியும் படம் ஓடியதே? (வேப்பந்தட்டை)

பதில்: நன்றாகவே ஓடியது. அதனால்தான் நான்காவது வரை போனார்கள். 1979இல் வந்த அந்தக் கான்கார்ட் படத்தில், பறந்துகொண்டிருக்கும்போதே விமானி ஜன்னலைத் திறந்து கையை நீட்டிச் சுடுவார். பயப்பட வேண்டிய இடத்தில் ஜனங்கள் சிரித்தார்கள். மறு வருடமே 'ஏர்ப்ளேன்!' இந்த வகைப் படங்களையே கேலிசெய்து வெற்றி பெற்றது. விமர்சகர்கள் சொன்னது சரிதான்.

கேள்வி: தமிழில்? (ஜெயங்கொண்டம்)

பதில்: ராதாமோகனின் 'பயணம்' (2011). விமானக் கடத்தல் கதைதான். ஆனாலும் பயணிகளைப் பேச விட்டார்.

கேள்வி: திருச்சி வானில் வட்டமடித்த விமானத்தைப் படமாக்கலாமா? (பெரம்பலூர்)

பதில்: தாராளமாக. 2024 அக்டோபர் 11இல் ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைக் குறைக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது. தீயும் வெடியும் சேர்க்காமல், விமானிகளின் நிதானத்தை மட்டும் காட்டினால் போதும்.

கேள்வி: எங்கள் ஊர் ரயில் விபத்தை ஏன் யாரும் பெரிய படமாக எடுக்கவில்லை? (அரியலூர்)

பதில்: எடுக்க வேண்டும். ஆனால் பாலம் உடைவதிலிருந்து தொடங்கக் கூடாது. 1956 செப்டம்பரில் மஹபூப்நகர் அருகே பாலம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. மூன்று மாதம்கூட ஆகவில்லை. நவம்பர் 23 விடியலில், வெள்ளம் அரித்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டோர் போனார்கள். இம்முறை ராஜினாமா ஏற்கப்பட்டது. அந்த இரண்டு விபத்துகளுக்கும் இடைப்பட்ட நாள்களில் எந்தெந்தப் பாலத்தை யார் பார்த்தார்கள் என்பதுதான் படம். எடுக்க நினைப்பவர்கள் கிராபிக்ஸ் கம்பெனிக்குப் போகுமுன் அரியலூருக்கு வாருங்கள். அன்று சிறுவர்களாக இருந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது, சீக்கிரம் வாருங்கள்.