பாஸ் மீனும் பாஸ்பேட்டும்: ஓர் ஆராய்ச்சி

அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிக்கப் போகிறவர்களின் படகில் பொதுவாக இரண்டு மோட்டார் இருக்கும். பின்னால் இருப்பது பெட்ரோலில் ஓடும் அவுட்போர்டு. மீன் இருக்கும் இடத்துக்கு ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதன் வேலை. மூக்கில் தொங்குவது ட்ரோலிங் மோட்டார். போய்ச் சேர்ந்தபின் மீனுக்குத் தெரியாமல் அதைச் சுற்றிச் சுற்றி வருவது இதன் வேலை. இது பேட்டரியில் ஓடும். எந்தப் பேட்டரி என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருள். பொருள் அற்பமன்றோ எனின், அன்று. வாழ்நாள் முழுவதும் எதிலும் கருத்துச் சொல்லாதவர்கூட இதில் கருத்துச் சொல்வார்.

இத்துறைக்கு முன்னோடி நூல்கள் ஏராளம். ஆனால் எல்லாம் படகுத்துறையில் வாய்மொழியாக வழங்குபவை. சொன்னவர் ஒவ்வொருவரும் தானே முதலில் சொன்னதாகச் சாதிப்பதால் காலவரையறை செய்வது கடினம்.

கருவியின் காலத்தில் அந்தக் குழப்பம் இல்லை. ட்ரோலிங் மோட்டாரை 1934இல் வடக்கு டகோட்டா மாநிலத்து ஃபார்கோ நகரில் ஓ. ஜி. ஷ்மிட் என்பவர் செய்தார். அதற்கு ஊட்டம் தந்த ஈய பேட்டரி இன்னும் பழையது; பிரான்சில் காஸ்தோன் பிளான்தே 1859இல் கண்டது. நம் வீட்டு இன்வெர்ட்டருக்குக் கீழே உட்கார்ந்து டிஸ்டில்ட் வாட்டர் குடிப்பது அதன் வம்சம்தான். இவை இரண்டும் பல பத்தாண்டுகள் ஒற்றுமையாகக் குடும்பம் நடத்தின. நடுவில் புகுந்தது லித்தியம்.

லித்தியம் என்றாலே போனில் இருப்பது, தீப்பிடிப்பது என்று பயப்படுவோர் உண்டு. படகுக்கு வருவது பெரும்பாலும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்னும் சாதுவான கிளை. இதன் பிறப்பிடம் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின். ஜான் குட்இனஃபின் குழு இதை 1997இல் வெளியிட்டது. தமிழில் ஆராய்ச்சிக் கட்டுரை என்று ஒன்று எழுதினால் அதில் தமிழன் எங்கே வருகிறான் என்று தேடுவது நம் மரபு. வழக்கமாக இதற்கு ஆசிரியர் படாத பாடு படவேண்டும். இங்கே அந்தச் சிரமம் இல்லை. பேட்டரியின் நேர்முனையில் வெறும் ஆக்சைடுக்குப் பதிலாக சல்பேட் போன்ற தொகுதிகளை வைத்துப் பார்க்கும் வழியை 1980களில் குட்இனஃபுடன் சேர்ந்து திறந்தவர் ஆறுமுகம் மந்திரம். தென் தமிழகத்து அமரபுரத்தில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்தில் படித்து, சென்னை ஐஐடியில் முனைவரானவர். அந்த வழியில் பிறகு வந்ததுதான் பாஸ்பேட். 2019இல் குட்இனஃபுக்கு 97 வயதில் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்காக நோபல் சொற்பொழிவு ஆற்றியவரும் மந்திரமே. ஆகவே அலபாமா ஏரியில் ஒருவர் சத்தமில்லாமல் படகை நகர்த்தும்போது அதில் நமக்கும் பங்குண்டு. மீனில் பங்கு கேட்கக் கூடாது.

இனி எடைக்கு வருவோம். சண்டையின் மூலம் அங்கேதான் இருக்கிறது. ஏற்றிய சுமையோடு சேர்த்துப் படகின் எடையில் 100 பவுண்டுக்கு 2 பவுண்டு உந்துவிசை வேண்டும் என்பது பொதுவிதி. 4,000 பவுண்டு படகுக்கு 80 பவுண்டு போதும். அதற்கு 24 வோல்ட் மோட்டார் உண்டு. போதும் என்ற சொல் மீன் பிடிப்பவர் அகராதியில் இல்லாததால் அவர் 36 வோல்ட், 112 பவுண்டு மோட்டாரை வாங்குவார். அதற்கு 12 வோல்ட் பேட்டரி மூன்றைத் தொடராக மாட்டவேண்டும். 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி ஒன்று ஏறக்குறைய 30 கிலோ. அதே அளவு லித்தியம் ஏறக்குறைய 12 கிலோ. மூன்றுக்குமாக 50 கிலோவுக்கு மேல் மிச்சம்.

இந்த 50 கிலோ எங்கே போகிறது என்பதை ஆய்வுலகம் இதுவரை கவனிக்கவில்லை. படகு இலேசாகி வேகம் கூடும் என்பது விற்பவர் கொள்கை. உண்மையில், பேட்டரிப் பெட்டியில் இடம் காலியானதைப் பார்த்த மறுவாரமே அங்கே தூண்டில் பெட்டி நான்கு, ஐஸ் பெட்டி ஒன்று, இதுவரை படகுப் பக்கமே வராத ஒரு மைத்துனர் என்று குடியேறிவிடுகிறார்கள். எடை அழிவதில்லை, உருமாறுகிறது.

அற்றேல், லித்தியத்தால் பயன் என்னை? உண்டு. ஈய பேட்டரியில் எழுதியிருக்கும் 100 என்பது 20 மணி நேரம் நிதானமாக எடுத்தால் கிடைக்கும் கணக்கு. மோட்டார் முழு வேகத்தில் 50 ஆம்பியர் உறிஞ்சும்போது அந்த நூறு வெகுவாகச் சுருங்கும். வேகமாக எடுத்தால் குறைவாகத் தரும் இந்தக் குணத்தை 1897இலேயே பாய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் சூத்திரமாக்கிவிட்டார். போதாக்குறைக்கு, பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். லித்தியம் நூறு என்றால் ஏறத்தாழ நூறும் தரும். ஈயம் சில நூறு முறை சார்ஜ் தாங்கினால் இது சில ஆயிரம் முறை தாங்கும்.

ஆனால் சாகும் விதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ஈய பேட்டரி நம் பக்கத்துப் பெரியவர்களைப்போல் சொல்லிச் சொல்லிப் போகும். மாலை நான்கு மணிக்கு மோட்டார் முனக ஆரம்பிக்கும், ஐந்து மணிக்குக் காற்றை எதிர்த்து நிற்க முடியாமல் படகு பின்வாங்கும், புரிந்துகொண்டு கரைக்குத் திரும்பலாம். லித்தியத்தின் வோல்ட் கடைசிவரை 13ஐ ஒட்டியே நிற்கும். பழைய மீட்டரில் நான்கு விளக்கும் பச்சையாக எரியும். திடீரென்று உள்ளிருக்கும் பிஎம்எஸ் (பேட்டரி மேலாண்மை அமைப்பு) என்ற காவல்காரன் கதவைச் சாத்துவான். நான்கு விளக்கும் ஒன்றாக அணையும். ஆகையால் ஓடிய ஆம்பியரை எண்ணும் ஷன்ட் மீட்டர் ஒன்றைச் சேர்த்து வாங்குவது அறிவு. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது என்பதையும் மின்னசோட்டாக்காரர்கள் மறக்கக் கூடாது. உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கெட்டுவிடும். நல்ல பிஎம்எஸ் தானே மறுத்துவிடும், மட்டமானது மறுக்காது.

இத்தனைக்கும் எதிர்ச்சான்று ஒன்றை மறைப்பது ஆய்வு நேர்மை ஆகாது. லார்ஜ்மவுத் பாஸ் மீனில் உலக சாதனையான 22 பவுண்டு 4 அவுன்ஸ் மீன், 1932 ஜூன் 2 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி பிடித்தது. ட்ரோலிங் மோட்டார் பிறக்க இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. படகு கையால் அடித்த பலகைப் படகு. மீனைத் துறைபோகிய ஆய்வாளர்கள் பார்ப்பதற்குள் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனபு குரிதா பிடித்தது இதைவிட ஏறத்தாழ ஒரு அவுன்ஸ் கூட. ஆனால் பழைய சாதனையை வெல்ல இரண்டு அவுன்ஸாவது வேண்டும் என்பது விதி என்பதால் சமன் என்றே பதிவானது. ஆக, மோட்டார் வந்து இத்தனை ஆண்டுகளில், பேட்டரி இல்லாதவரை இன்னும் யாரும் விதிப்படி தோற்கடிக்கவில்லை. போதாததற்கு, 1972இல் ரே ஸ்காட் தன் பாஸ் போட்டிகளில் பிடித்த மீனை உயிரோடு விடச் சொல்லிவிட்டார். மூன்று பேட்டரி, ஒரு சார்ஜர், ஒரு நாள் முழுக்க வெயில். மீன் திரும்பவும் தண்ணீரில். கிலோவுக்கு என்ன விலை விழுகிறது என்று கணக்கிட முனைந்தால் சுழியால் வகுக்க நேரிடுகிறது.

இதனால் பேட்டரி மீனுக்காக அன்று, அதைத் தூக்குபவரின் இடுப்புக்காகவே என்பது பெறப்படும். அந்த அளவில் லித்தியமே வெல்லும். அவுட்போர்டை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியை மட்டும், எஞ்சின் கையேடு அனுமதிக்காதவரை, ஈயமாகவே விட்டுவையுங்கள். வாங்கப் போகும்போது ஆம்பியர்-மணியை மட்டும் பார்த்து மயங்கவேண்டாம். பிஎம்எஸ் தொடர்ச்சியாக எத்தனை ஆம்பியர் விடும், எத்தனை பேட்டரியைத் தொடராக இணைக்கலாம், லித்தியத்துக்கான சார்ஜர் எது என்று மூன்றையும் கேளுங்கள். பழைய சார்ஜரே போதும் என்று கடைக்காரர் சொன்னால் வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.