சதவீதக்காரர்

மதுரைக்கு இன்னும் எவ்வளவு என்று கேட்டால் மற்றவர்கள் கிலோமீட்டரில் சொல்வார்கள்; மின்சாரக் கார் வைத்திருப்பவர் "38 சதவீதம்" என்பார். சாம்பாருக்காக ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அவர் வீட்டில் ஒழிந்துவிட்டது. வாசலில் சார்ஜர் இருந்தால் ஆறிப்போன பொங்கலும் அமிர்தம்தான். பின்சீட்டில் மாமியார் வியர்த்து வழிந்தாலும் ஏ.சி. 26-ஐ விட்டு இறங்காது. கொடைக்கானல் போய் வந்தால் ஏரியைப் பற்றிப் பேசமாட்டார். மலையிறங்கும்போது பேட்டரி ஏறியதைத்தான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். "நினைத்தவுடன் கிளம்ப முடியாத கார் எதற்கு?" என்று சிரிப்பவர்கள் உண்டு. தாராளமாகச் சிரிக்கலாம். ஆனால் அவரை இப்படி ஆக்கியது கார் அல்ல, சாலையோரத்துச் சார்ஜர் என்பதே என் கட்சி.

கணக்கைப் பாருங்கள். சென்னையிலிருந்து மதுரை ஏறக்குறைய 460 கி.மீ. 45 யூனிட் பேட்டரி கொண்ட நெக்ஸான் மின்சாரக் காருக்கு, வாகனங்களைச் சோதிக்கும் ஏ.ஆர்.ஏ.ஐ. தந்த சான்று 489 கி.மீ. அந்தச் சோதனை ஏ.சி. போடாமல், 90-ஐத் தாண்டாமல் நடப்பது. நெடுஞ்சாலையில் 100-ல் பறந்தால் 300 வந்தாலே நல்லது. வேகம் 80-லிருந்து 100 ஆனால் காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. மாமியார் பட்ட அவதி பெரும்பாலும் வீண். பேட்டரியைத் தின்றது மருமகனின் வலது கால். போகட்டும், 300 என்றே வைத்துக்கொள்வோம். உளுந்தூர்பேட்டையில் நிறுத்தும்போது 30 சதவீதம் மிச்சமிருக்கும். அதை 80 ஆக்க 22 யூனிட் சொச்சம், 30 கிலோவாட் சார்ஜரில் முக்கால் மணி நேரம். திருச்சியில் காபி குடிக்கையில் இன்னும் கொஞ்சம். "இதற்குள் நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்திருப்போம்" என்பார் பெட்ரோல்காரர். அவர் வீட்டிலும் இலை போட்டுச் சாப்பிட்டு, பாட்டி கழிவறை வரிசையில் நின்று திரும்ப அதே முக்கால் மணி ஆகத்தான் செய்கிறது. அவர் அதைக் கணக்கில் எழுதுவதில்லை, அவ்வளவுதான்.

பதில் சொல்லக் கஷ்டமான ஆட்சேபம் வேறொன்று. ஒரு பெட்ரோல் பங்க் மூடியிருந்தால் அடுத்ததற்குப் போகலாம், எவரிடமும் காசு கொடுக்கலாம். சார்ஜருக்கோ கம்பெனிக்கு ஒரு ஆப், ஆப்புக்கு ஒரு வாலெட், வாலெட்டுக்குள் திரும்பி வராத ஐம்பது ரூபாய். கன்னைச் செருகினால் திரையில் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், பிறகு "மீண்டும் முயலவும்". அதனால்தான் நம்மவர் போனில் சொந்தக்காரர்களைவிட ஓட்டல் வாட்ச்மேன்களின் எண்கள் அதிகம், கிளம்பும் முன்பே "அண்ணே, மிஷின் ஓடுதா?" என்று விசாரித்துவிடுவார். சார்ஜர்கள் பெருகி வருகின்றனவே என்கிறார்கள். பெருகட்டும், ஆனால் நாலு ஊரில் ஒவ்வொன்று இருப்பதைவிட ஒரே இடத்தில் நாலு இருப்பது மேல், ஒன்று படுத்தாலும் வண்டி நகரும். ஒற்றைக் கன்தான் உள்ள இடத்தில் புதிதாகக் கார் வாங்கிய ஒருவர் செருகிவிட்டு, 80-க்கு மேல் ஆமை வேகத்தில் ஏறும் என்று தெரியாமல், 100 ஆகட்டும் என இரண்டாவது தோசைக்குச் சொல்லியிருப்பார். பின்னால் மூன்று கார். சாதாரண நாளில் இதைச் சமாளிக்கலாம். பொங்கலுக்கு ஊரே கிளம்பும்போது சமாளிக்க முடியாது என்பது சதவீதக்காரருக்கும் தெரியும். அந்த வாரத்துக்கு மட்டும் 60 நாளுக்கு முன்பே பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிடுவார், வெளியே சொல்லமாட்டார்.