மாமாவைக் கேளுங்க: மேகமலைக் குளிரும் வீட்டு லோஷனும்

இந்த வாரத் தபால் முழுக்கத் தோல்தான். ஹைவேவிஸ் தொடங்கி உத்தமபாளையம் வரைக்கும் ஆளாளுக்கு வறட்சி. பாடி லோஷனை வீட்டிலேயே செய்யலாமா, பூசினால் பளபளப்பு வருமா என்று கேட்டுக் குவித்திருக்கிறீர்கள். வாங்க, ஒவ்வொருத்தராக.

மாமா, மார்கழி வந்தால் கை கால் எல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கு. மேகம் தினமும் வாசலுக்கே வருது, அப்புறமும் ஏன் இந்த வறட்சி?
*— தேயிலைத் தோட்ட வாசகி, மேகமலை*

குளிர்ந்த காற்றால் நீராவியை அதிகம் சுமக்க முடியாது தாயி. மேகம் விலகி காத்து வீசுகிற நேரமெல்லாம் உன் தோலிலிருந்துதான் ஈரம் போகிறது. அதோடு, 1,500 மீட்டர் உயரத்துக் குளிருக்குப் பயந்து கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுகிறாயே, அது தோலின் சொந்த எண்ணெயையும் கழுவிக்கொண்டு போய்விடுகிறது.

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஒற்றித் துடைத்து, மூன்று நிமிடத்துக்குள் லோஷன் பூசு. நாலாவது நிமிடம் காத்துக்குச் சொந்தம்.

தேங்காய் எண்ணெய் போதாதா? எங்க பாட்டி அதைத்தானே தேய்ச்சாங்க.
*— வாசகர், கம்பம்*

பாட்டி குளித்த ஈரத்தோடு தேய்த்தார், நீ காய்ந்த பிறகு தேய்க்கிறாய் மாப்ளே. எண்ணெய் இருக்கிற ஈரத்தைப் பூட்டும். இல்லாத ஈரத்தை எங்கிருந்து கொண்டுவரும்? லோஷனில் தண்ணீர் உண்டு, அதைப் பிடித்துவைக்கக் கிளிசரின் உண்டு, மேலே மூட எண்ணெயும் உண்டு.

இன்னொன்று, 24 டிகிரிக்குக் கீழே தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். கம்பத்தில் ஊற்றலாம், மேகமலையில் விடியற்காலை கரண்டியால் தோண்டத்தான் வேண்டும்.

தண்ணீரும் எண்ணெயும் சேராதே மாமா?
*— கல்லூரி மாணவி, உத்தமபாளையம்*

சேராதுதான். கல்யாணத் தரகர் மாதிரி ஒருத்தர் நடுவில் வேண்டும். அவர் பெயர் எமல்சிஃபையிங் வாக்ஸ். ஒரு கையில் தண்ணீர், மறு கையில் எண்ணெய். கையை எடுத்தால் ரெண்டும் தனிக்குடித்தனம்.

மலைத்தேன் எடுக்கும்போது கிடைக்கிற மெழுகைப் போட்டால் ஆகாதா?
*— வாசகர், வருசநாடு*

ஆகாது. தேன்மெழுகு கெட்டியாக்கும், தனியாகச் சேர்த்துவைக்காது. ரெண்டே நாளில் அடியில் தண்ணீர் நிற்கும். உதட்டுத் தைலத்துக்கும் குதிகால் வெடிப்புக்கும் வையுங்கள். அங்கே அதுதான் ராஜா.

சுற்றி வளைக்காமல் அளவைச் சொல்லுங்க.
*— இல்லத்தரசி, சின்னமனூர்*

சின்னமனூரிலிருந்து மலையேற 18 கொண்டை ஊசி வளைவு தாண்டும் ஊர்க்காரிக்கு என் சுற்றலா பெரிது? எழுதிக்கொள்ளம்மா. மொத்தம் 100 கிராம். ஸ்பூன் கணக்கு செல்லாது, சின்ன டிஜிட்டல் தராசு வேண்டும்.

ஒரு பாத்திரத்தில் காய்ச்சி வடித்த தண்ணீர் 71.5 கிராம், கிளிசரின் 5, நியாசினமைடு 4. இன்னொன்றில் தேங்காய் எண்ணெய் 6, நல்லெண்ணெய் 4, எமல்சிஃபையிங் வாக்ஸ் 6, சீட்டைல் ஆல்கஹால் 2. ரெண்டையும் வெந்நீர்ச் சட்டிக்குள் இறக்கி 70 முதல் 75 டிகிரி வரை சூடாக்கு. மேகமலை உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். நமக்கு அது தாராளம்.

எண்ணெயைத் தண்ணீரில் ஊற்றி ஹேண்ட் பிளெண்டரால் ரெண்டு மூன்று நிமிடம் அடி. பால் நிறம் வந்ததும் நிறுத்து. அப்புறம் ஆறும்வரை கரண்டியால் கிண்டிக்கொண்டே இரு.

40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு வைட்டமின் ஈ அரை கிராம், ஃபீனாக்ஸிஎத்தனால் வகைப் பதப்படுத்தி 1 கிராம். பி.ஹெச். காகிதத்தை நனைத்துப் பார். ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் நிற்கணும். பாத்திரம், கரண்டி, பாட்டில் எல்லாவற்றையும் முன்னாடியே ஸ்பிரிட்டால் துடைத்திரு. வாய் அகன்ற டப்பா வேண்டாம், பம்ப் பாட்டிலே நல்லது. விரல் நுழையாத இடத்தில் கிருமியும் சுலபத்தில் நுழையாது.

முதல் நாள் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறு. அரிப்பு இல்லையென்றால் மற்ற இடத்துக்குப் போகலாம்.

பதப்படுத்தி என்றாலே கெமிக்கல். அதை விட்டுவிட்டால்?
*— இயற்கை ஆர்வலர், போடி*

லோஷனை விட்டுவிடுங்கள். முக்கால் பங்கு தண்ணீர் உள்ள எந்தப் பொருளிலும் கிருமி குடியேறும். ஊசிப்போன சாம்பாராவது நாற்றம் காட்டிக் கொடுக்கும். கெட்ட லோஷன் பல நேரம் மணமாகவே இருக்கும். வெடித்த தோலில் அதைத் தேய்த்தால் சீழ்க் கொப்புளத்துக்கு அழைப்பிதழ் வைத்த கதை.

வைட்டமின் ஈ எண்ணெய் சிக்குவாடை அடிக்காமல் காக்கும், கிருமியைத் தடுக்காது. எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பதப்படுத்தி கூடவே கூடாது என்பவருக்கு வழி உண்டு: தண்ணீர் சேர்க்காத தைலம். கிருமிக்கு எண்ணெயில் தாகம் தீராது.

வாசலில் கற்றாழை மண்டிக் கிடக்கு. சோறை வழித்துப் போடலாமா?
*— வாசகி, கூடலூர்*

வழித்ததும் நேராகத் தோலில் பூசு, அரை மணியில் கழுவு. லோஷனுக்குள் போடாதே. மேலே சொன்ன 1 கிராம் பதப்படுத்தியால் பச்சைக் கற்றாழையைக் கட்டி மேய்க்க முடியாது.

எங்கள் பன்னீர் திராட்சையைப் பிழிந்து ஊற்றினால் பளபளப்பு கூடுமா? புவிசார் குறியீடே வாங்கிய திராட்சை!
*— திராட்சை விவசாயி, சுருளிப்பட்டி*

2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்கு அந்தக் கௌரவம் கிடைத்தபோது எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் சாறு என்பது சர்க்கரைத் தண்ணீர். லோஷனில் ஊற்றினால் கிருமிகளுக்குக் கிடா வெட்டு. பழத்தைத் தின்னுங்கள்.

விதைக்கு மட்டும் வேலை உண்டு. செக்கிலிட்ட திராட்சை விதை எண்ணெய் லேசானது, பிசுபிசுக்காது. நல்லெண்ணெய் 4 கிராமுக்குப் பதில் அதை விடலாம். சீக்கிரம் சிக்கடிக்கும், அதனால் கொஞ்சமாக வாங்குங்கள்.

எலுமிச்சைச் சாறு தேய்த்தால் நிறம் வெளுக்கும் என்கிறாள் பக்கத்து வீட்டு மதினி.
*— வாசகி, பெரியகுளம்*

மதினி தேய்த்துக்கொண்டு வெயிலில் நின்றாளா? எலுமிச்சையில் வெயில் பட்டால் வினைபுரியும் பொருட்கள் இருக்கின்றன. கொப்புளம் வரும், ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் கருந்தழும்பு நிற்கும். வெளுக்கப் போய்த் திட்டு வாங்கி வருவது இதுதான். ஆப்பசோடாவும் வேண்டாம், தோல் லேசான புளிப்பில் வாழ்வது, சோடா காரம். எலுமிச்சை ரசத்துக்கு, சோடா ஆப்பத்துக்கு.

அந்த நியாசினமைடு என்னைச் சிவப்பாக்குமா மாமா? அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள்.
*— வாசகி, ஆண்டிபட்டி*

ஆக்காது தாயி. அது வைட்டமின் பி3. நிறமி மேல்தோலுக்கு ஏறும் வேகத்தைக் குறைக்கும். வெயில் திட்டு, பருத் தழும்பு எல்லாம் ரெண்டு மூன்று மாதத்தில் மங்கும், தோலின் ஈரக்காப்பும் பலப்படும். பிறந்த நிறத்தைத் தொடாது.

நிறமி செய்யும் செல்களின் எண்ணிக்கை கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். உன் செல்கள் நன்றாக வேலை செய்கின்றன, அவ்வளவே. வெயில் நாட்டில் அது பாதுகாப்பு. 2009-இல் சென்னையிலிருந்து ‘கறுப்பு அழகு’ என்று ஓர் இயக்கமே கிளம்பி நாடு முழுக்கப் பேசியது. 1975-இல் வந்த ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 2020-இல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆனது. 45 வருஷம் கழித்து டப்பாவே பெயரை மாற்றிக்கொண்டது. நீ ஏன் நிறத்தை மாற்றணும்? வருகிறவர்களுக்குக் காபி கொடு, விளக்கம் கொடுக்காதே.

எங்க ஊரில் வெயிலே இல்லை, சன்ஸ்க்ரீன் எதற்கு?
*— எஸ்டேட் ஊழியர், ஹைவேவிஸ்*

1,000 மீட்டர் ஏறினால் புற ஊதாக்கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். மெல்லிய மேகம் அதில் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். சூடு தெரியாததால் நாமும் ஒதுங்குவதில்லை. முழுக்கை சட்டை, தொப்பி, எஸ்.பி.எஃப். 30. இது இல்லாமல் நியாசினமைடு பூசுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர்.

என் வீட்டுக்காரர் லோஷன் பெண்கள் சமாச்சாரம் என்கிறார்.
*— வாசகி, வீரபாண்டி*

குதிகாலைக் காட்டச் சொல்.

ஆறு மாதக் குழந்தைக்கு இதே லோஷனைப் பூசலாமா?
*— இளம் தாய், தேனி*

வேண்டாம். சோதனைக்கூடம் உன் முழங்கை, குழந்தை அல்ல.

அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள், பாட்டிலில் அடைத்து விற்கலாமா?
*— சுயஉதவிக் குழு உறுப்பினர், போடி*

செய்து பூசினால் நீங்கள் வீட்டுக்காரி; விலை போட்டால் உற்பத்தியாளர். 2020 அழகுசாதன விதிகளின்படி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உற்பத்தி உரிமம் வாங்கணும். லேபிளில் சேர்மானம், தேதி, முகவரி எல்லாம் வரணும். தொல்லையாகத் தெரியும். அடுத்த கேள்வியைப் படித்தால் ஏன் என்று புரியும்.

சந்தையில் லேபிள் இல்லாத ஒரு கிரீம். ஏழே நாளில் முகம் வெளுத்துவிட்டது. தங்கைக்கும் வாங்கித் தரலாமா?
*— வாசகி, கம்பம்*

தராதேம்மா. நீயும் இன்றே நிறுத்து. அத்தனை வேகத்தில் வெளுப்பு வந்தால் உள்ளே பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

குமுளிக்குப் போனாலே கேரளம். அங்கே மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்தவர்கள் 22 பேர். அவர்களில் 15 பேருக்கு அரிதான ஒரே அடையாளம் தெரிந்தது. விசாரித்தால், அந்த 15-இல் 13 பேர் வெளுப்பு கிரீம் பூசியவர்கள். பாதரசம் தோல் வழியாக ரத்தத்துக்குப் போய்ச் சிறுநீரக வடிகட்டியைக் கெடுத்திருக்கிறது. கேரள அரசு 2023-இல் ‘ஆப்பரேஷன் சௌந்தர்யா’ என்று கடை கடையாகச் சோதனை போட்டது. முகக் கிரீமில் பாதரசம் சேர்க்க நம் நாட்டில் தடை இருக்கிறது. லேபிளே இல்லாத டப்பா சட்டம் படித்திருக்குமா?

ஸ்டீராய்டு வேறு ரகம். முதலில் வெளுப்பு, அப்புறம் தோல் மெலிந்து சிவந்து எரியும், நிறுத்தினால் இன்னும் எரியும். அதனால் நிறுத்திய கையோடு தோல் மருத்துவரைப் பார்.

நான் ஒரு வருஷமாகப் பூசுகிறேன். பயமாக இருக்கிறது.
*— பெயர் வேண்டாம், தேனி மாவட்டம்*

நீ எழுதியதே பெரிய காரியம் தாயி. டப்பாவைக் குப்பையில் வீசாதே, மூடி ஒரு பாலித்தீன் பையில் கட்டிவை. முகம் துடைத்த துண்டைப் பிள்ளைகள் தொட வேண்டாம். காலில் வீக்கமோ, சிறுநீரில் அடங்காத நுரையோ இருந்தால் நாளைக்குத் தள்ளாதே. இல்லாவிட்டாலும் சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு பரிசோதனை செய்துகொள். சாதாரண லேபிலேயே செய்வார்கள். டப்பாவையும் மருத்துவரிடம் எடுத்துப் போ, வெட்கப்படாமல் பெயரைச் சொல். கோட்டக்கல்லில் கிரீமை நிறுத்திய பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது. இன்றைக்கே நிறுத்தம்மா.