டி.சி. வாங்கப் போற மாப்ளே, செத்த நில்லும்

வாரும் மாப்ளே, திண்ணையில உக்காரும். மகளை நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல இருந்து எடுத்து டவுனுக்கு வேன்ல அனுப்பப் போறீராமே? தெருவே பேசுது. நல்ல காரியம், தள்ளிப் போடாதேயும். காலையில 6.30 மணிக்கு ஏறுற புள்ள சாயங்காலம் 5.30க்கு எறங்கும். எறங்குனதும் தூங்கிரும். வீட்டுப்பாடத்துக்கு உம்மளைப் பாடாப் படுத்தாது. உமக்கும் நிம்மதி, டீக்கடை பெஞ்சுக்கும் நிம்மதி.

நம்ம பக்கத்துக்கு வண்டி ஒண்ணும் புதுசு இல்ல. ஒரு காலத்துல கோழி கூப்பிட தீப்பெட்டி ஆபீஸ் பஸ் வந்து, தூங்குற புள்ளைகளை அள்ளிப் போட்டுக்கிட்டுப் போச்சு. அதுக்குச் சம்பளம் குடுத்தாக. இதுக்கு நாம குடுக்கணும், அம்புட்டுத்தான்.

உம்ம மேல எனக்குக் கோவமெல்லாம் இல்ல. அந்த வேன் படிப்பு எப்படின்னு நேத்துப் பார்த்தேன். மேலத்தெருப் பய, மூணாப்பு, டையைக் கட்டிக்கிட்டு இந்த வழியா வந்தான். இந்தா கெடக்குதே யூரியாச் சாக்கு, இதைக் காட்டி, "முன்னெல்லாம் இதுல 50 கிலோ. இப்ப 45 கிலோ. எத்தனை கிலோ கொறைச்சுட்டான் பேராண்டி?"ன்னு கேட்டேன். பய 'பிப்டி, பார்ட்டி பைவ்'னு அழகாச் சொன்னான். அதுக்கு மேல வண்டி நகரல. வாத்தியார் சொல்லிக் குடுக்குற அதே கணக்காத்தான் அவனுக்கு வரணும்போல. சாக்குல எழுதியிருக்க தமிழை வாசிடான்னேன். செருப்பைப் பார்த்தான்.

உடனே மீசையைத் தடவாதேயும். உம்ம மகளையும் கூப்பிட்டுக் கேட்டேன். வாசிச்சா. யூ... ரி... யா... எழுத்தெழுத்தா, கல்லுப் பொறுக்குற வேகம். ஆனா வாசிச்சுட்டா. கணக்குலதான் மாட்டிக்கிட்டா. சைபர்ல இருந்து அஞ்சு போகாது, பக்கத்து வீட்டுல கடன் வாங்கணுங்கிறது அவளுக்குப் பிடிபடல. உம்ம வீட்டுல பொறந்த புள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியலைன்னதும் எனக்கே திக்குன்னு ஆயிருச்சு மாப்ளே!

டீச்சரம்மாட்ட விசாரிச்சேன். போன வருசம் கடன் வாங்கிக் கழித்தல் நடத்துன வாரம், உம்ம மக தம்பிக்கு மொட்டை போட இருக்கன்குடி அம்மன் கோயிலுக்குப் போயிருந்தாளாம். அதுக்கு அடுத்த வாரம் மிளகாய்ப் பழம் எடுக்க உம்மகூட. அதுக்கும் அடுத்த வாரம் உம்ம பங்காளி வீட்டுக் கல்யாணம், முந்துன நாளும் பிந்துன நாளும் சேர்த்து. அம்மனும் ஏழு வயசுப் புள்ளை ஸ்கூலுக்கு மட்டம் போட்டு வந்தாத்தான் வரம் குடுப்பேன்னா சொல்லுதா? ஞாயித்துக்கிழமையில கோயில் நடை சாத்தியா இருக்கு?

அந்தம்மா ஒரு நோட்டைக் காட்டுனாக. 2022ல இருந்து 'எண்ணும் எழுத்தும்'னு ஒண்ணு நடக்குதுல்லா, அதுல புள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர்னு படிக்கிற தரத்தை வச்சுப் பிரிச்சுச் சொல்லிக் குடுக்காக. உம்ம மக தமிழ்ல மொட்டு, கணக்குல அரும்பு. எந்த எடத்துல நிக்கா, எதைச் சொல்லிக் குடுத்தா நகருவான்னு அந்த நோட்டுல இருக்கு. பெத்த உமக்குத் தெரியாது. புள்ளைக்கு எந்த எடத்துல முடிச்சு விழுந்துருக்குன்னு தெரிஞ்ச ஆளை விட்டுட்டு, அது பேரே தெரியாத ஆளைத் தேடி 20 கிலோமீட்டர் போறீரு. கெட்டிக்காரருதான்.

இன்னொரு கணக்கும் சொல்லுதேன், இதுல கடன் கெடையாது. 2009ல வந்த கல்வி உரிமைச் சட்டத்துப்படி, தொடக்கப் பள்ளியில 60 புள்ளை வரைக்கும் ரெண்டு வாத்தியார். 61 ஆனா மூணு. நம்ம பள்ளிக்கூடத்துல இப்ப 62. உம்ம மகளும், உம்மளைப் பார்த்துத் துள்ளுதானே உம்ம தம்பி, அவன் மகனும் டி.சி. வாங்கிட்டா 60. ஆகஸ்டு 1ஆம் தேதி தலையை எண்ணுவாக. மூணாவது டீச்சர் உபரின்னு வேற ஊருக்குப் போயிருவாக. பெறகு அஞ்சு வகுப்புக்கு ரெண்டு பேரு, அதுல ஒருத்தர் ஹெட்மாஸ்டர், அவரு பாதி நாள் செல்போன்ல விவரம் ஏத்திக்கிட்டுக் கெடப்பாரு. அப்ப நீரு இதே திண்ணையில உக்காந்து, "பார்த்தீரா மாமா, கவர்மெண்டுப் பள்ளிக்கூடம் லெச்சணத்தை!"ம்பீரு. நான் ஆமான்னு தலையாட்டணும்.

பள்ளி மேலாண்மைக் குழுன்னு ஒண்ணு இருக்கே, அதுல முக்காவாசி பெத்தவுக, பாதிக்குப் பாதி பொம்பளைக இருக்கணும்னு அதே சட்டம்தான் சொல்லுது. நம்ம ஊர்ல எம் மக, அதான் உம்ம சம்சாரம், உறுப்பினர். கூட்டத்துக்குப் போறது யாரு? நீரு! காம்பவுண்டுச் சுவரைப் பேசுனீரு, கக்கூஸ் கதவைப் பேசுனீரு, தண்ணித் தொட்டியைப் பேசுனீரு. சிமெண்டுன்னா எல்லாருக்கும் வாய் தொறக்குது. கக்கூஸ் வேணும்தான், இல்லங்கல. எந்தப் புள்ளைக்கு இன்னும் வாசிக்க வரல, அதுக்கு என்ன செய்யலாம்னு ஒருத்தராவது கேட்டீகளா? மேலத்தெருவுல டிகிரி முடிச்ச புள்ள ரெண்டு வீட்டுல சும்மா இருக்குதுக. கொரோனா சமயத்துல, 2021ல 'இல்லம் தேடிக் கல்வி' வந்தப்ப, சாயங்காலம் கோயில் மண்டபத்துல ஊர்ப் புள்ளைகளை உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தது அதுல ஒரு புள்ளதான். திரும்பவும் வாம்மான்னு கூப்பிட எவனுக்கும் நாக்கு எழும்பல.

நீரும் படிக்காத ஆளில்ல. டீக்கடையில தினத்தந்தியை வரி விளம்பரம் வரைக்கும் மேயுறீரே, அதை வீட்டுக்குக் கொண்டாந்து மககிட்டக் குடுத்து அரை மணி நேரம் சத்தமா வாசிக்கச் சொல்லும். நீரு பக்கத்துல உக்காந்து 'ம்' கொட்டுனாப் போதும். திட்டாதேயும், அது முக்கியம். திட்டுனா புள்ள எழுத்தைப் பார்க்காது, உம்ம மூஞ்சியைத்தான் பார்க்கும்.

வரவையும் விட்டுக் குடுக்கீரே, அதையும் சொல்லிருதேன். அரசுப் பள்ளியில எட்டாப்புப் படிக்கிற புள்ள என்.எம்.எம்.எஸ். பரீச்சை எழுதித் தேறுனா, ஒம்பதுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வருசத்துக்கு 12,000 ரூபா. ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொம்பளைப் புள்ள, மேப்படிப்புக்குப் போனா 'புதுமைப் பெண்'ல மாசம் 1,000. நீட் எழுதித் தேறுனா டாக்டர் சீட்டுல 7.5 சதவீதம் தனி ஒதுக்கீடு. ஆறாப்புக்குத் திருப்பிக் கொண்டாந்து விடுவேன்னு சொல்லுவீரு. விடமாட்டீரு மாப்ளே. டை கட்டிப் பழகுன புள்ளையைக் கழட்ட உமக்கு மனசு வராது, ஊரு என்ன பேசும்னு இருக்கும்.

சரி, டி.சி. கேட்டு எழுதுன மனு சட்டைப் பையிலதான இருக்கு? ஆகஸ்டு 1 தாண்டட்டும், அதுவரைக்கும் அங்கனயே கெடக்கட்டும். வெள்ளிக்கிழமை மூணு மணிக்குப் பள்ளிக்கூடத்துல கூட்டம். நீரு வர வேண்டாம். எம் மகளை அனுப்பும். "எம் புள்ள கணக்குல இன்னும் அரும்புல நிக்காளே, வீட்டுல நான் என்ன செய்யணும்?"னு அவ டீச்சர்ட்ட நேராக் கேட்டுக்கிடுவா. அந்த ரெண்டு மணி நேரம் நீரு வீட்டுல இருந்து ஆட்டுக்குத் தழை ஒடிச்சுப் போடும்.