சிரிக்காத கூட்டத்தின் குற்றம்

ஜோக் எடுபடாதபோது ஸ்டாண்ட்-அப் கலைஞர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சென்னை, யாரும் சாப்பிடலையா?" என்கிறார், பழி நம் வயிற்றின்மேல். கூட்டத்தை நம்பாதது இந்தத் தொழிலின் பழைய வழக்கம்தான். 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நாடக அரங்குகளில் சிரிப்பதற்கென்றே கூலிக்கு ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். 1950களில் அமெரிக்க ஒலிப் பொறியாளர் சார்லஸ் டக்ளஸ் அந்தக் கூலியையும் மிச்சம் பிடித்தார். விசையைத் தட்டினால் பதிவுசெய்த சிரிப்பைக் கொட்டும் பெட்டியைத் தொலைக்காட்சிக்குச் செய்து கொடுத்தார். சிரிப்பு தொற்றக்கூடியது, தூண்டிவிட்டால் என்ன தப்பு என்பார்கள். வாஸ்தவம், ஆனால் தொற்றுவதற்கு முதலில் ஒருவருக்காவது வர வேண்டுமே! ரசனை போதாது என்ற வாதமும் நிற்காது. இதே கூட்டம்தான் வடிவேலு வாயைத் திறக்குமுன்பே சிரிக்கிறது. மாமியார், மனைவி, ஐ.டி. வேலை, பெங்களூரு டிராஃபிக் என்று அரைத்த மாவையே அரைப்பவர்களே, தயவுசெய்து "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். புரிந்ததால்தான் சும்மா இருக்கிறோம்.