ஊசிக்கு அஞ்சாத உருண்டை

கேள்வி: நத்தாருக்கு வாசலில் பென்னம்பெரிய உருண்டைகள் தொங்கவிட ஆசை. கடையில் விலை கேட்டால் தலை சுற்றுகிறது. வழி உண்டா?
(வாசகி, தலவில)

பதில்: பெரிய பலூனை ஊதி, மேலே கொஞ்சம் வாஸ்லின் பூசுங்கள். சணல் நூலை வெள்ளைப் பசையில் தோய்த்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுங்கள். நன்றாகக் காய்ந்ததும் ஊசியால் ஒரு குத்து. காற்று போகும், உருண்டை நிற்கும். நம் கட்சிகளுக்கு இந்த வித்தை தெரியாது!

நைலோன் வலை நூலில் பசை பிடிக்காது. ஆகவே வீட்டுக்காரரின் வலையில் கத்தரிக்கோலை வைத்துவிடாதீர்கள். கற்பிட்டிக் கரையில் மார்கழி மழையை நம்ப முடியாது. நனைந்தால் பசை இளகிவிடும். விறாந்தைக் கூரைக்குள் தொங்கவிட்டு, உள்ளே ஒரு மின்குமிழ்ச் சரத்தை விடுங்கள். மெழுகுதிரி வேண்டவே வேண்டாம்.

2016இல் கொழும்பு காலிமுகத்திடலில் 72.1 மீட்டர் உயரச் செயற்கை நத்தார் மரம் எழுப்பி உலக சாதனை படைத்தார்கள். வீண்செலவு என்று கத்தோலிக்கத் திருச்சபையே கண்டித்தது. அந்த மரத்திலும் தொங்கியவை சாயம் பூசிய பைன் காய்கள்தான்! உங்கள் உருண்டைக்குக் கண்டனம் வராது. மிச்சக் காசில் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு புதுச்சட்டை எடுத்துக் கொடுங்கள்.