ஒப்பிட்டே ஓய்வது எப்படி?

எழுத்தாளர் ஆவதற்கு வழிசொல்லும் நூல்கள் கடைகளில் கிடைக்கின்றன. எழுதுவதை நிறுத்தத்தான் உருப்படியான வழிகாட்டி இல்லை. அந்தக் குறையைப் போக்கவே இது. செலவு கிடையாது, ஒரு கைப்பேசியும் அடுத்தவர் மீது தீராத அக்கறையும் போதும்.

1. நல்ல நேரம் பாருங்கள். எழுத உட்காருவதற்கு முந்தைய பத்து நிமிடம் உத்தமம். ஃபேஸ்புக்கைத் திறங்கள். சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும் ஜனவரி என்றால் அமோகம். உங்களோடு எழுத வந்தவரின் நாவல் மூன்றாம் பதிப்பு கண்டிருக்கும். ஒரு பதிப்புக்கு எத்தனை பிரதி என்று மட்டும் விசாரிக்காதீர்கள். கேட்கிற அளவுக்கு மட்டும் அச்சடிக்க முடிகிற காலம் இது. பதில் உங்களைத் தேற்றிவிடக்கூடும்.

2. வயதைக் கணக்கிடுங்கள். பாரதி 39 நிறையும் முன்பே போய்விட்டார். புதுமைப்பித்தன் போனபோது 42. உங்களுக்கு 43 ஆகிவிட்டதென்றால் வேலை சுலபம்: இனி எழுதி என்ன? கி. ராஜநாராயணன் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்காதீர்கள். முப்பதைத் தாண்டி எழுத வந்து, தொண்ணூறைத் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்த மனிதர், கணக்கையே கெடுத்துவிடுவார்.

3. எழுதிய அளவைப் பாருங்கள். குறைவாக எழுதியவரா? கல்கியை எடுங்கள்: ‘பொன்னியின் செல்வன்’ மட்டுமே ஐந்து பாகம், அதுவும் வாராவாரம். நிறைய எழுதியவரா? மௌனியை எடுங்கள்: ஆயுள் முழுக்க ஏறத்தாழ இரண்டு டஜன் சிறுகதைகள், பேர் நிலைத்துவிட்டது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதை நீங்களே ஏற்பாடு செய்துகொள்ளலாம். இருவரையும் ஒரே நாளில் எடுப்பது தேர்ந்தவர்களுக்கு மட்டும்.

4. விருதைக் கவனியுங்கள். சாகித்திய அகாதெமி அறிவிப்பு வந்ததும் டீக்கடையில் கூடுங்கள். “எல்லாம் லாபி, தோழர்” என்று தொடங்கினால் சாயங்காலம் முழுக்கப் பேசலாம். அன்றைக்கு எழுத வேண்டிய பக்கம் தப்பித்தது. விருது பெற்றோர் பட்டியலில் மௌனியும் இல்லை, சுந்தர ராமசாமியும் இல்லை என்று யாராவது நினைவூட்டினால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

5. உங்கள் கையெழுத்துப் படியை அந்த மூன்றாம் பதிப்புக்காரரின் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். இதுவே தலையாய முறை. உங்களுடையது நேற்று ராத்திரி கிறுக்கியது. அவருடையது பலமுறை திருத்தி, நண்பர் படித்து, எடிட்டர் வெட்டி, மெய்ப்புப் பார்த்து, அட்டை போட்டு வந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அவர் கிழித்துப்போட்டது எதுவும் உங்கள் கண்ணில் படாது. உங்கள் அடித்தல் திருத்தல் ஒன்று விடாமல் தெரியும். தோல்வி நிச்சயம்.

எச்சரிக்கை: ஒப்பீட்டில் ஒரு வகை ஆபத்தானது. ஆளை விட்டுவிட்டு வரியைப் பார்ப்பது. அசோகமித்திரன் குரலை உயர்த்தாமலே ஒரு துயரத்தை எப்படிச் சொன்னார், எந்த இடத்தில் நிறுத்தினார் என்று பென்சிலும் கையுமாக உட்கார்ந்தால் பொறாமைப்படக்கூட நேரமிருக்காது. கை தானாக உங்கள் பக்கத்துக்குப் போகும். ஒரு வாக்கியத்தை அடிக்கும், வேறொன்றை எழுதும். இந்தப் பழக்கம் தொற்றியவர்களிடம் மேற்சொன்ன ஐந்து முறையும் பலிப்பதில்லை. அவர்கள் இந்த வழிகாட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுதப் போகலாம்.